நல்லெண்ணெய்

யோகராஜாவை நான் கொன்றது ஒரு செவ்வாய்க்கிழமை, சுவிஸின் துன் ஏரிக்கரையில், சிதைந்த இரண்டு தூண்களுக்கு நடுவில். கித்தானில்தான். பழங்காலப் பாணியில் எண்ணெய் வர்ணம்: பின்னால் நீசன் மலை (பெயர் நான் வைத்ததல்ல), முன்னால் ஆடுகள், மேட்டில் கத்தியோடு ஓர் இடையன், கீழே கழுத்தறுபட்டு இன்னொருவன். மேட்டில் நிற்பது நான். கிடப்பது என் மனைவி ஜெயமலரின் தமையன். கோயில் திருவிழாவில் சாமியை முன்னுக்கு நின்று தூக்குவது யார் என்ற பேச்சில் என் முன்பற்களை உடைத்தவன்.

ஜெயமலர் படத்தை வடிவாகப் பார்த்தாள்.

"ஞாயிறு அண்ணை சாப்பிட வாறார். அதுக்குள்ளை அந்தப் பிரேதத்தை எழுப்பி விடுங்கோ. இல்லாட்டி நான் பாசலுக்கு மகளிட்டைப் போறன். திரும்பி வரமாட்டன்."

எழுப்பினேன். கழுத்தைத் தைத்துக் கையில் குழலும் கொடுத்தேன். கத்தியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

படம் காயவில்லை. வர்ணம் குழைக்க நல்ல எண்ணெய் வாங்கும்படி, படம் வரையப் படிப்பிக்கும் சுவிஸ்காரி சொல்லியிருந்தாள். நான் தமிழ்க் கடையில் நல்லெண்ணெய் வாங்கினேன். செக்கில் ஆட்டியது.

மேட்டில் நின்ற நான் வழுக்கத் தொடங்கினேன். போகிற வழியில் ஓர் ஆட்டின் குடலைக் கிழித்தேன். துடைத்து மேலே ஏற்றி வைத்தால், காலையில் இன்னும் கிட்ட நிற்பேன், கத்தியை நீட்டியபடி. யோகராஜாவும் சும்மா இருக்கவில்லை. அவன் குழல் தடித்து, ஆளை அடிக்கிற பொல்லாகிவிட்டது. பொய்யென்றால் ஜெயமலரைக் கேளுங்கள்.

ஞாயிறு வந்தவன் நேரே படத்துக்கு முன்னால் போய் நின்றான்.

"ஆர் மச்சான் இந்தக் கத்திக்காரன்?"

"இடையன்."

"பல்லைக் காணேல்லை."

"ஒரு நாய் உடைச்சுப்போட்டுது."

"வடிவா உடைச்சிருக்கு," என்று பெருவிரலை என் முகத்தில் வைத்து அழுத்தினான். படத்து முகத்தில்தான். தலை நசிந்தது. நான் அவன் கையைப் பொல்லோடு முறித்தேன். அவன் என் வயிற்றைப் பிறாண்டினான். நான் அவன் கண்ணைத் தோண்டினேன். மேசையில் ஆட்டிறைச்சிக் கறி ஆறியது. இருவருக்கும் முழங்கை வரை சிவப்பு, மூச்சிரைப்பு. ஒருவரையொருவர் தொடவே இல்லை.

ஜெயமலர் உடுப்புப் பெட்டியோடு வாசலில் நின்றாள். மூக்கைச் சுருக்கினாள்.

"நல்லெண்ணெய் மணக்குது. ஆர் இண்டைக்கு முழுகினது?"

யோகராஜா தன் கையை மணந்து பார்த்தான். பிறகு என் கையையும் பிடித்து மணந்தான். அவள் பெட்டியைக் கீழே வைத்தாள், கைப்பிடியை விடவில்லை.

கித்தானில் இரண்டு இடையரும் ஒரே சேறாகிக் கிடந்தார்கள். கத்தி மட்டும், எவர் கையிலும் இல்லாமல், ஏரியை நோக்கி மெல்ல வழுக்கிக்கொண்டிருந்தது.