சாம்பல் வட்டம்

சமூக வலைத்தளத்தில் ரியாலினுக்கு இரண்டு கணக்குகள். இந்த ஊரில் பதினைந்து வயசுப் பெண் யாருக்குத்தான் ஒன்றோடு நிற்கிறது? முதல் கணக்கு சொந்தப் பெயரில். முந்நூறு சொந்தக்காரர்கள், ஞாயிறு பூசைக்கு வரும் பெண்கள், ஜெத்தாவில் வீட்டு வேலை செய்யும் அம்மா, எல்லாரும் அதில் உண்டு. அந்தக் கணக்கில் அவளுக்கு முகப்பருவே கிடையாது. ஃபில்டர் புண்ணியத்தில் கன்னம் வழவழவென்று இருக்கும். இன்னொன்று பூட்டுப் போட்டது. ஒன்பது தோழிகளுக்கு மட்டும். பருவும் அழுகையும் ஆசிரியைகளைத் திட்டுவதும் அங்கேதான்.

எந்தக் கணக்கில் இருக்கிறோம் என்று அவள் பெயரைப் படித்துப் பார்ப்பதில்லை. மூலையில் இருக்கும் வட்டத்தைப் பார்ப்பாள். முகம் தெரிந்தால் ஊருக்கு, பூனை தெரிந்தால் தோழிகளுக்கு.

அந்தச் செவ்வாய்க்கிழமை பள்ளியில் பாராட்டு விழா. பெற்றவர் மேடையேறித்தான் பிள்ளை கழுத்தில் பதக்கம் மாட்ட வேண்டும். அம்மாவுக்குப் பதிலாக மரிவிக் சித்தி வருவதாக இருந்தது. சந்தையில் மீன் கடையை விட்டு அவளால் அசைய முடியவில்லை. மைக்கில் இரண்டு தடவை கூப்பிட்டும் ரியாலினுக்காக யாரும் எழுந்திருக்காததால், வகுப்பு ஆசிரியையே மாட்டிவிட்டார். அவள் மேடையில் நன்றாகச் சிரித்தாள். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வீங்கிய முகத்தைப் படமெடுத்து, 'இந்த வருஷமும் எனக்கு யாரும் வரல' என்று எழுதிப் பூனைக் கணக்கில் போட்டாள்.

போட்டதாக நினைத்தாள். காலையிலேயே டேட்டா தீர்ந்து போயிருந்தது. டேட்டா இல்லாதபோது ஓடும் இலவச முறையில் படம் போடலாம், பார்க்க முடியாது. எழுத்து மட்டும் வரும், படம் இருக்கும் இடமெல்லாம் சாம்பல் பூசியிருக்கும். மூலையில் முகமும் சாம்பல்தான், பூனையும் சாம்பல்தான்.

கோயில் பாடகர் குழுவில் இருக்கும் ஒரு அம்மாள் 'என்னாச்சு கண்ணு?' என்று கேட்டு எழுதிய பிறகுதான் படம் ஊர்க் கணக்கில் போயிருப்பது ரியாலினுக்குத் தெரிந்தது. உடனே படத்தை அழித்தாள். அதற்குள் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அவளுக்குப் பயமெல்லாம் அம்மாவை நினைத்துத்தான். போன வருஷம் இவள் காய்ச்சலில் படுத்திருந்த படத்தைப் பார்த்துவிட்டு, ஊருக்கு அனுப்பச் சொல்லி அம்மா முதலாளியம்மாவிடம் கெஞ்சினாள். போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். நாற்பது நாள் அம்மா உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியவில்லை. ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அதுவரை அம்மா கண்ணில் சிரிப்பைத் தவிர வேறெதுவும் படக்கூடாது என்று ரியாலின் தனக்குத்தானே சட்டம் போட்டிருந்தாள்.

பள்ளி வாசலில் தோழி ட்ரிக்ஸி தன்னால் முடிந்தவரை தேற்றிப் பார்த்தாள்.

"அங்க இப்ப காலை பதினோரு மணிடி. வேலை நேரத்துல உங்கம்மா கையில போன் ஏது? நீ அழுதா தவளை மாதிரி இருப்பே, பார்த்தாலும் அடையாளம் தெரியாது."

ரியாலின் சிரிக்கவில்லை. அம்மா பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. எந்தச் செவ்வாய்க்கிழமையும் அந்த நேரத்தில் அது எரிந்ததில்லை.

பிறகு அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. மேலே ஒரு சாம்பல் கட்டம், அதாவது ஏதோ ஒரு படம். கீழே எழுத்து.

'பார்த்தேன் கண்ணு. நீ மறைக்காம காட்டிட்டே, நானும் காட்டுறேன். பார்த்ததும் அழிச்சிடு. சித்திகிட்ட சொல்லாதே.'

கட்டத்தை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தாள். எதிரே பெட்டிக்கடையில் காசு போட்டால் ஓடும் வைஃபை பெட்டி இருந்தது. ட்ரிக்ஸி ஓடிப்போய் ஐந்து பெசோ காசு ஒன்றைப் போட்டாள். படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. நெற்றி, ஒரு கண், பிறகு மூடிப்போன மறு கண். அதற்குக் கீழே கன்னம் முழுக்க நீலம். ஓரத்தில் மஞ்சள் ஏறியிருந்தது. இன்றைக்குப் பட்ட அடி இல்லை, ஒரு வாரமாவது இருக்கும்.

போன வெள்ளிக்கிழமை அம்மா போட்ட படத்தை ரியாலின் தேடி எடுத்தாள். வணிக வளாகம், கண்ணை மறைக்கும் பெரிய கறுப்புக் கண்ணாடி, சிரிப்பு. கன்னம் வழவழவென்று இருந்தது. ரியாலின் போடும் அதே ஃபில்டர்தான். அம்மாவுக்கு அதைப் போடக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

"ஐயோ, என்னடி இது?" என்றாள் ட்ரிக்ஸி.

பச்சைப் புள்ளி அணைந்தது. அம்மா திரும்ப வந்தால் அந்தப் படத்தை அவளே அழித்துவிடுவாள் என்று ரியாலினுக்குத் தெரியும். யாராவது தன் படத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அம்மாவுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று சற்று முன்வரை பயந்துகொண்டிருந்த பெண், போனின் இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தி அம்மாவின் முகத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். ஒன்றுக்கு மூன்றாக எடுத்தாள். நாளும் நேரமும் தெரிகிறதா என்று சரிபார்த்தாள்.

அம்மா சொல்லாதே என்றாளே என்று ட்ரிக்ஸி இழுத்தாள்.

"இனிமே யாரும் எதையும் மறைக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, பதக்கத்தைக் கழுத்திலிருந்து கழற்றாமலே ரியாலின் சித்தியின் மீன் கடையைப் பார்த்து ஓடினாள்.