கிழிக்க வேண்டாத பை

தேவானை பையின் வாயை விரித்துப் பிடித்தாள். கூட வேலை செய்யும் ஷீலா எரு கலந்த மண்ணை அள்ளிப் போட்டாள். கன்று வளர்க்கும் கறுப்பு பிளாஸ்டிக் பையை ஒழித்துக்கட்டுவதென்று நர்சரிக்கார சாருலதா மேடம் கங்கணம் கட்டிக்கொண்டு இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. மக்காச்சோள மாவில் செய்த பை முதல் மழையிலேயே கஞ்சியாய்க் கரைந்தது. சணல் பை பூஞ்சை பிடித்து நாறியது. தேங்காய்நாரை ரப்பர்ப் பாலில் தோய்த்து அழுத்திய இதுதான் நின்றது. அன்று மேடம் எல்லோருக்கும் பாதாம்பால் வாங்கித் தந்தார். தேவானைக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

"நாளைக்கு ஆத்தங்கரைப் பூங்காவுல நடறோம், தேவானை. பெரியவங்கள்லாம் வராங்க. காலைலயே குழி எடுத்துடணும்," என்றார் மேடம்.

எந்தப் பூங்கா என்று அவள் கேட்கவில்லை. பெரும்பாக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து அடையாற்றங்கரையில் இறங்கியபோதுதான் தெரிந்தது. கம்பிவேலி, நடைபாதை, கல் பெஞ்சு எல்லாம் புதிது. அரசமரமும் அடியிலிருந்த கங்கையம்மன் கல்லும் மட்டும் பழசு. அவள் பிறந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்ற இடம். புல்டோசர் வந்து வீடுகளைச் சாய்த்து, எல்லோரையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகு இந்தப் பக்கம் அவள் வந்ததில்லை.

மூன்றாவது குழியில் கடப்பாரை ணங்கென்றது. மண்ணை விலக்கினாள். சிவப்பு சிமெண்டுத் தரை. அதில் வெள்ளைப் பெயிண்டில் போட்ட கோலம், பாதி.

"இன்னாக்கா?" என்றாள் ஷீலா.

"எங்க வூடு."

சாருலதா வந்து எட்டிப் பார்த்தார். "கட்டடக் குப்பையா? உடைச்சு எடுத்துடுங்க. இல்லேன்னா வேர் இறங்காது."

"குப்ப இல்ல மேடம். நாங்க குடியிருந்த வூட்டுத் தரை. இந்தக் கோலம் நான் போட்டது."

சாருலதாவின் முகம் மாறியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாசலில் கார்கள் வந்து நின்றன. "அப்புறம் பேசலாம், தேவானை. ப்ளீஸ்."

ஷீலா கடப்பாரைக்குக் கை நீட்டினாள். தேவானை கொடுக்கவில்லை. தானே உடைத்தாள்.

காரில் வந்திறங்கிய விருந்தாளி ஒருவர் கன்றைக் கையில் வாங்கிக்கொண்டு, "பையைக் கிழிக்க வேணாமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் சார். பையோட வெச்சுடலாம். இடம் மாத்தறதே செடிக்குத் தெரியாது. ஒரு வேர்கூட அறுபடாது." சாருலதாவின் குரலில் சந்தோஷம் பொங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்கியதும் தேவானை சொன்னாள்: "எங்கள லாரில ஏத்தும்போது, அடுப்புல வெந்துக்கினு இருந்த சோத்த எறக்கக்கூட வுடல சார்."

குரலை அவள் உயர்த்தவில்லை. விருந்தாளி கன்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாருலதா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஃபிரேம்ல வரீங்க, கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா," என்றான் போட்டோக்காரன்.

வேலை முடிந்து கிளம்பும்போது கேட்டில் காவலாளி அவள் கூடையைத் திறக்கச் சொன்னான். துண்டு, சாப்பாட்டு டப்பா, உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்புச் சில்லு.

"இது இன்னாத்துக்கு?"

"எங்க வூட்டுது."

"இங்கேர்ந்து எதயும் வெளிய எடுத்துக்கினு போகக் கூடாதும்மா. ஆர்டர்."

சில்லை எடுத்து, குப்பை ஏற்றி நின்ற லாரிமேல் விட்டெறிந்தான். கேட்டைத் திறந்து முதலில் லாரியை விட்டான். அவள் வேலியோரம் ஒதுங்கி நின்றாள். அவளுடைய பஸ் போகும் சாலையிலேயே லாரியும் திரும்பியது.