ஐஸ் பெட்டியின் பிளக்

“எந்த பிளக்கைடா பிடுங்கின?”

அமுதவள்ளி போட்ட சத்தத்தில் ஒப்பாரி அறுந்து நின்றது. மலேசியாவில், கிள்ளான் நகரத்து வீட்டு ஹாலில், ஐஸ் பெட்டிக்குள் அவள் கணவர் கமலநாதன் படுத்திருந்தார். அவள் காதில் போன். மறுமுனையில் டயாலிசிஸ் நிலையத்துத் தாதி ரோகிணி அழாத குறை.

“சாரி ஆன்டி, இந்த நேரத்துல... காலைல இடி விழுந்து மெயின் கம்ப்யூட்டர் போயிடுச்சு. ரெக்கார்டு எதுவுமே இல்ல. யாரு உடம்புலேர்ந்து எவ்ளோ தண்ணி எடுக்கணும், எந்த மருந்து ஒத்துக்காதுன்னு தெரியாம மெஷின்ல போட முடியாது லா. பேஷண்ட்ஸ்லாம் மூச்சு வாங்கிட்டு உக்காந்திருக்காங்க. அங்கிள் வீட்டுலயும் ஒரு காப்பி இருக்குன்னாரே?”

இருந்தது. கமலநாதன் அந்த நிலையத்தில் நோயாளி. டயாலிசிஸ் ஊசி குத்தாத நாட்களில் அங்கேயே கம்ப்யூட்டர்காரர். வீட்டில், டிவிக்குக் கீழே டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்திருந்தார். நிலையத்தில் எல்லாரும் திறந்து எழுதும் நோயாளிப் பதிவுகளை, வேலை முடிந்ததும் அது தானாகவே சரிபார்த்துப் பிரதி எடுத்துக்கொள்ளும். அங்கே கோளாறு என்றால் மாற்றுக் கம்ப்யூட்டருக்கு அதுவே அனுப்பிவிடும்.

“நான் இல்லாட்டியும் அது பாத்துக்கும்” என்பார்.

“அப்ப அதையே கட்டியிருக்கலாமே” என்பாள் அமுதவள்ளி.

இப்போது அதன் விளக்கு அணைந்து கிடந்தது.

“டிவி பெட்டின்னு நெனச்சுட்டேன்க்கா.” தம்பி வாசு திருதிருவென விழித்தான். “ஐஸ் பெட்டிக்கு வேற பிளக் பாயிண்ட் இல்ல. இரு, எக்ஸ்டென்ஷன் வாங்கிட்டு ஓடியாந்துடறேன்.”

“அதுவரைக்கும் அங்க உக்காந்திருக்கவங்க?”

சட்டென்று குனிந்தாள். ஐஸ் பெட்டியின் பிளக்கை உருவினாள். கறுப்புப் பெட்டியினுடையதைச் செருகினாள்.

“அடிப்பாவி, என்னடி பண்ற!” பெரியம்மா இராஜம்மா மார்பில் கை வைத்தாள்.

“அவரு தாங்கிக்குவாரு பெரியம்மா.”

ஐஸ் பெட்டியின் உறுமல் அடங்கியது. டிவிக்குக் கீழே ஒரு பச்சைப் புள்ளி கண் விழித்தது. ஒருமுறை சிமிட்டியது. பிறகு படபடவென்று சிமிட்டத் தொடங்கியது. யாரும் அதைத் தொடவில்லை. யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாய் பிளந்து நின்ற வாசு தன்னையறியாமல் கைகூப்பினான்.

“ஆன்டி!” போனில் ரோகிணி அலறினாள். “மாத்து கம்ப்யூட்டர் தானா எந்திரிக்குது! நாங்க கையே வைக்கல ஆன்டி, சத்தியமா! பேரு ஒவ்வொண்ணா வருது... அசாருதீன் அண்ணே... தனேஷ்... கமலநா...”

குரல் பாதியில் நின்றது.

கண்ணாடி மேல் பூத்திருந்த பனியை முந்தானையால் துடைத்தாள் அமுதவள்ளி. உள்ளே அவர் முகம்.

“படிம்மா. அடுத்து யாரு?”

“கன்னையா அங்கிள்...”

ரோகிணி படித்துக்கொண்டே போனாள். பச்சைப் புள்ளி சிமிட்டுவதை நிறுத்தி நின்று எரியும் வரை, ஐஸ் பெட்டியின் பிளக்கை அமுதவள்ளி கையிலிருந்து விடவில்லை.