மிச்ச மாத்திரைகள்

எங்கள் வீட்டு ஃப்ரீசரில் அக்காவின் மலமும் என் மலமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சின்னக் குழாய்கள், மேலே பேர் எழுதிய சீட்டு, சுற்றி இரட்டைப் பை. கதவைத் திறக்கும்போதெல்லாம் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"ரெண்டையும் படிக்க வெச்சேன். கடைசில எனக்குச் சம்பாதிச்சுக் கொடுத்தது இதுதான்."

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. வலிப்பு உள்ளவர்களின் குடலில் எந்தெந்த பாக்டீரியா வாழ்கின்றன என்று நரம்பு டாக்டர் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க, அதே வீட்டில் அதே சோற்றைத் தின்கிற, வலிப்பு இல்லாத ஆள் ஒருவன் வேண்டும். நான் இரவு ஷிஃப்ட் வேலையை விட்டுவிட்டு வீட்டில் கிடந்தேன். வேறென்ன தகுதி வேண்டும்.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். "நோய் எதிர்ப்பு செல்கள்ல பெரும்பங்கு குடலைச் சுத்தித்தான் இருக்கு. அங்க இருக்கிற பாக்டீரியாவோட பழகித்தான், யாரை விடணும் யாரை அடிக்கணும்னு அதுங்க கத்துக்குது. அந்தப் பழக்கம் கெட்டா, அங்க மூண்ட சண்டை ரத்தம் வழியா மூளை வரைக்கும் போகலாம். எலிகள்ல அறிகுறி தெரியுது. மனுஷங்ககிட்ட இன்னும் உறுதியாத் தெரியல."

"அப்ப வயித்தைச் சரி பண்ணா வலிப்பு போயிடுமா?" என்றாள் அக்கா.

"அது தெரியாமத்தாம்மா உங்ககிட்ட வாங்கறோம். மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க. வேற எந்த மருந்து சாப்பிட்டாலும் எங்ககிட்ட சொல்லுங்க."

அவள் காதில் 'வயிறு' மட்டும்தான் ஏறியது.

அவளுடைய அவசரம் எனக்குத் தெரியும். சீருடை தைக்கும் கடையில் ஜன்னலோரத்துப் பவர் மெஷின் அவளுடையது. ஒருநாள் அதில் உட்கார்ந்திருக்கும்போதே வலிப்பு வந்து, ஊசி விரலில் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து காஜா எடுப்பதும் பட்டன் கட்டுவதும்தான் வேலை. ஒரு வருடம் வலிப்பு வராமல் இருந்தால் டாக்டர் கடிதம் கொடுப்பார், அதைக் காட்டினால் மெஷினைத் திருப்பித் தருகிறேன் என்று முதலாளியம்மா சொல்லியிருந்தார். வருடத்தில் பெரும்பகுதி ஓடிவிட்டது. பள்ளி திறக்கிற சமயம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் கடிதம் வராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும்.

ஆகவே அக்கா தன் குடலுக்கு விருந்து வைத்தாள். காலையில் தயிர், மத்தியானம் முளைகட்டிய பயறு, நடுநடுவே பச்சைப் பூண்டு. பக்கத்தில் போக முடியவில்லை. ஒரே வாரத்தில் வயிறு பிய்த்துக்கொண்டது.

அப்பா களத்தில் இறங்கினார். தெருவில் அவருக்குக் கம்பவுண்டர் என்றுதான் பேர். உண்மையில் அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், பாதி குணமானதும் மாத்திரையை நிறுத்தி, மிச்சத்தை பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவிடுவார். அதிலிருந்து எனக்கு எப்போதோ பேதிக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக் அட்டையை எடுத்தார்.

"உன் தம்பிக்குச் சட்டுனு கேட்டுச்சு. கூடப் பிறந்தவளுக்குக் கேக்காதா?"

அவளும் கேள்வி கேட்காமல் விழுங்கினாள்.

மறுநாள் பகலில், சமையலறையில் டம்ளர் கழுவும்போது விழுந்தாள். நான் ஓடிப்போய் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்தேன். அப்பா குந்தி உட்கார்ந்து, "இங்கதான் இருக்கேன் கண்ணு, இங்கதான் இருக்கேன்" என்று அவள் காதருகே சொல்லிக்கொண்டே இருந்தார். டப்பா விஷயத்தில் சட்டம் பேசுகிற குரல் இல்லை அது.

தெளிந்ததும் அக்கா எங்களைப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேர்தானே பார்த்தீங்க?"

"ஆமா."

"அப்ப யாரும் பார்க்கல."

"சரி, நான் சொல்லல," என்றேன். "நீ மெஷின்ல உட்காரு. நானும் பக்கத்துல ஒரு தட்டு வெச்சுட்டு உட்காரறேன், விரல் விழுந்தாப் பொறுக்கிப் போட."

ஈரத்துண்டு என் முகத்தில் வந்து விழுந்தது. "தண்டச்சோறு, வாயைப் பாரு" என்றாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் துண்டை மடித்து மறுபடி அவள் தலைக்கடியில் வைத்தேன்.

குழாய்களை ஒப்படைக்கப் போன நாளில் அப்பாவும் கூட வந்தார், கையில் பையோடு. டாக்டரின் மேசைமேல் பிஸ்கட் டப்பாவை எடுத்து வைத்தார்.

"டாக்டர், இவளுக்கு வலிப்பு வந்துச்சு. நான்தான் இதுலேர்ந்து கொடுத்தேன்."

"அப்பா!" என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

"நீ சும்மா இரு. நாளைக்கு மெஷின்ல விழுந்தா எந்த டப்பாவைத் தொறந்து பார்க்கறது?"

அப்பா எடுத்துக் காட்டிய அட்டையை டாக்டர் திருப்பிப் பார்த்தார். "இந்த வகை சிலருக்கு வலிப்பைத் தூண்டும். பேதியில வலிப்பு மாத்திரை உடம்புல ஒழுங்கா சேராமலும் போயிருக்கலாம். எதுனு இப்ப சொல்ல முடியாது. ஆன்டிபயாட்டிக் போனப்புறம் எடுத்ததால குடல்ல எல்லாம் கலைஞ்சிருக்கும், இந்தக் குழாய் உதவாது. அப்புறமா மறுபடி எடுத்துக்கலாம்."

"கடிதம்?"

"மறுபடி முதல்லேர்ந்துதாம்மா. விரல் உங்களுது."

அப்பா அக்காவின் தோளைத் தொட்டார். தட்டிவிட்டாள். வெளியே வந்து படி இறங்கும்போது அதே கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பூண்டாவது நிறுத்தலாமில்ல?" என்றார் அப்பா.

"டப்பாவைக் குப்பையில போடுங்க, நிறுத்தறேன்."

வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கடைக்கு நடந்தாள், என்னையும் இழுத்துக்கொண்டு.

"கடிதம் வராதும்மா, விழுந்துட்டேன்," என்றாள் முதலாளியம்மாவிடம். "ஆனா வேற ஆள் எடுக்காதீங்க. இவன் உட்காரட்டும். நான் வெட்டித் தரேன், பக்கத்துலயே நின்னு சொல்றேன். என் தையல் மாதிரி வரலைன்னா ரெண்டு பேரையும் துரத்திடுங்க."

"எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாது," என்றேன்.

"சும்மா உட்காரத் தெரியுமில்ல? இத்தனை மாசம் பழகியிருக்கே."

முதலாளியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பள்ளி திறக்கும்வரை பார்ப்போம் என்றார்.

முதல் காலர் கோணிக்கொண்டு போனது. "இது காலரா, நாய்க்குட்டி காதா? பிரி," என்றாள். பிரித்தேன். அடுத்ததையும் பிரிக்கச் சொன்னாள். கடையே சிரித்தது. மத்தியானம் அந்தப் பக்கம் வந்த முதலாளியம்மா, "எப்படிப் போகுது?" என்று கேட்டார்.

"கேவலம்," என்றாள் அக்கா, என் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி. "ஆனா இடம் இன்னும் என்னுதுதான்."

பிறகு என் தலையில் ஒரு தட்டு தட்டினாள்.

"மிதிடா."