மரத்துப்போன ழகரம்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு நேரே ஸ்டுடியோவுக்குப் போனதுதான் அந்த ராக் பாடகன் செய்த தப்பு. அன்றைக்கு விட்டால் ஸ்டுடியோ அடுத்த மாதம்தான் கிடைக்கும். பாதி வாய் மரத்திருந்தது. ‘வழி இல்லை, வழி இல்லை’ என்று அவன் எழுதிய பல்லவி, நாக்கு பேச்சைக் கேட்காமல், எதுவோ ஒன்றாக வெளியே வந்தது. மிச்சத்தைக் கிட்டாரும் டிரம்ஸும் அமுக்கிவிட்டன. பாட்டு என்னவோ பிய்த்துக்கொண்டு போனது.

கேட்டவர்கள் இரண்டு கட்சியானார்கள். ஒரு கட்சிக்கு அது ‘வழி’, இன்னொன்றுக்கு ‘வலி’. மூன்றாவதாக ஒரு கல்லூரிப் பேராசிரியர் கிளம்பினார். சொல் வேண்டுமென்றே உடைக்கப்பட்டிருக்கிறது, பொருள் என்று ஒன்று கிடையவே கிடையாது, இதுவே பின்நவீனத்துவம் என்று நாற்பது பக்கம் எழுதித் தள்ளினார். ஊசி போட்ட பல் டாக்டருக்கு அதில் ஒரு வரி நன்றிகூட இல்லை.

பாடகன் சிரித்துவிட்டுப் போயிருப்பான். அக்காதான் சிக்கல். முதுகில் ஆபரேஷன் முடிந்து நடக்கப் பழகிய ஆறு மாதமும் அவள் அந்தப் பாட்டைப் போட்டுவிட்டு, ‘வலி இல்லை’ என்று கூடவே பாடித்தான் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தாள். தம்பி தனக்காகவே எழுதியது என்று தெரு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தாள். அதை மறுக்க எந்தத் தம்பிக்கு மனசு வரும்?

இப்போது பேராசிரியர் அவனைக் கல்லூரி மேடையில் உட்காரவைத்துவிட்டார். முதல் வரிசையில் அக்கா.

“பாடினவர் சொல்றதுக்கு என் கோட்பாட்டுல மதிப்பே கிடையாது. இருந்தாலும் சொல்லுங்க, அது என்ன வார்த்தை?” என்றார் பேராசிரியர்.

“மதிப்பு இல்லன்னா எதுக்கு சார் கேக்கறீங்க?”

“ஒரு ஆசைதான்,” என்றார் அவர், கொஞ்சம் கூச்சத்தோடு.

பாடகன் முதல் வரிசையைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் அக்கா நொறுங்கிப்போவாள். மைக்கை இழுத்தான்.

“வலி. அக்காவுக்காக எழுதினது.”

வலிக் கட்சி கைதட்டியது. பேராசிரியரின் முகம் தொங்கிப்போனது.

வெளியே வந்ததும் அக்கா அவன் காதைத் திருகினாள்.

“இத்தன பேர் முன்னாடி எதுக்குடா பொய் சொன்ன?”

“என்ன பொய்?”

“உன் நோட்ட என் கட்டில்லயே விட்டுட்டுப் போனியே, ஞாபகம் இருக்கா? கொட்டை எழுத்துல ‘வழி இல்லை’ன்னு இருந்துச்சு.”

“தெரிஞ்சேவா வலின்னு பாடின?”

“வழி இல்லன்னு பாடிட்டு எந்திரிச்சு நடக்க முடியுமா? அதான் எனக்கு வேண்டிய மாதிரி கேட்டுக்கிட்டேன். அந்த புரொபசர் பாவம்டா. நாளைக்கே போன் பண்ணி, பல் புடுங்கின கதையச் சொல்லிடு.”

சொல்லிக்கொண்டே அவள் கைப்பிடியைத் தொடாமல் படி இறங்கினாள். மூன்றாவது படியில் முகம் சுளித்து நின்றாள்.

“வலிக்குதாக்கா?”

“வலிக்காம என்ன,” என்றாள். “நீ பாடிக்கிட்டே வா.”