லவீனாவின் பதினொரு நிமிடம்

மயிலிட்டியில் றெஜியின் மனைவி லவீனா சொல்லும் எதுவும் பதினொரு நிமிடம் கழித்துத்தான் கேட்கும். உதடு அசையும், தொண்டை ஏறி இறங்கும், சத்தம் மட்டும் வராது. பதினொரு நிமிடம் போன பிறகு, அவள் எந்த இடத்தில் நின்று சொன்னாளோ அதே இடத்தில், அவள் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த வசனம் மணி அடித்த மாதிரிக் கேட்கும். ஆமி பிடித்து வைத்திருந்த காணி விடுபட்டு ஊருக்குத் திரும்பி, பாதர் வந்து புது வீட்டை மந்திரித்துவிட்டுப் போன அன்றைக்கு இது தொடங்கியது. பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் வெளிச்சம் அடித்துப் பார்த்துத் தொண்டை சுத்தம் என்றார்கள். ஊரார் கைபேசியில் நேரம் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு நொடிகூடப் பிசகவில்லை. பிறகு விட்டுவிட்டார்கள். கோயிலில் அவளுடைய ஆமென் பிரசங்கத்தின் நடுவில் வந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருமுறை பாவசங்கீர்த்தனத்துக்கு அவளுக்கு அடுத்து முழங்காலில் இருந்த செபமாலையர், 'புருஷனை மனதுக்குள் ஏழு தரம் திட்டினேன் சுவாமி' என்ற பெண்குரலுக்கும் சேர்த்துத் தண்டனைச் செபம் வாங்கினார். அதையும் சொல்லி முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஊருக்குப் பழகியது றெஜிக்குப் பழகவில்லை. அவன் கடல்காரன், ஒரு இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்கமாட்டான். கேள்வியைக் கேட்பான், அவள் வாயைப் பார்ப்பான், எழும்பிப் போய்விடுவான். பதில் வெறும் குசினிக்குள், அடுப்படியில், கேட்கும். துண்டில் எழுதிக் காட்டினால், "நான் என்ன கந்தோரோ, மனுக் குடுக்கிறாய்?" என்று கசக்கி எறிவான். ஆறு வருடமாக அவன் மனைவி அவனுக்குச் சொன்ன பதில்களை முழுதாகக் கேட்டது வேலிக்கு அங்கால் இருந்த ஷெரோன்தான்.

"றெஜி அண்ணை, உங்கடை பதில் ஒண்டு குசினிக்குள்ளை கிடந்து கத்துது. எடுத்துக்கொண்டு போங்கோ" என்று அவள் வேலியால் எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். றெஜியின் முகம் சுருங்கும். கட்டின மனிசி சொல்வதை ஊர் கேட்டு எனக்குச் சொல்வதா என்று அவன் கடற்கரையில் யாரிடமோ குமுறியதாக ஒரு கதை உண்டு.

போன வருடம் இழுவைப் படகு வந்து அவனுடைய வலையை அறுத்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகுதான் பிரான்சுக்குப் போகும் கதை வீட்டுக்குள் வந்தது. ஏஜென்சிக்காரன் ஒருவன் பாதை இருக்கிறது என்றான். றெஜி மூன்று வெவ்வேறு நாட்களில், "நான் போகட்டோ?" என்று லவீனாவைக் கேட்டான். மூன்று தரமும் பதிலுக்கு முன் படலையைத் தாண்டிவிட்டான். மூன்று தரமும் குசினி, "வேண்டாம், போகாதேங்கோ" என்றது. மூன்றையும் கேட்டது ஷெரோன்.

அந்த மாதத்தில் வாசிகசாலையில் தொடர்பாடல் திறன் விருத்திப் பயிற்சி என்று மூன்று நாள் வகுப்பு நடந்தது. படிப்பிக்க வந்தவன் சுபாஸ், யாழ்ப்பாணம் நகரத்துப் பெடியன், லவீனாவைவிட நாலு வயது இளமை. ஒவ்வொருவரும் எழும்பி ஒரு நிமிடம் தன்னைப் பற்றிச் சொல்லவேண்டும் என்றான். லவீனா எழும்பி வாயைத் திறந்து மூடி இருந்தாள். "வெக்கப்படக்கூடாது அக்கா, தன்னம்பிக்கைதான் முக்கியம்" என்று சுபாஸ் பத்து நிமிடம் விளங்கப்படுத்தினான். முடிகிற நேரம் அவளுடைய கதிரைக்கு மேல் காற்றிலிருந்து, "வணக்கம், நான் லவீனா. எனக்கு வெக்கம் ஒண்டும் இல்லை" என்று கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். சுபாஸ் சிரிக்கவில்லை. வெண்பலகையில் பதினொன்று என்று எழுதி வட்டம் போட்டான். மற்ற ஆள் என்ன கேட்கப்போகிறார் என்று முன்னமே பிடித்துக்கொண்டால் பதிலை முந்திச் சொல்லி வைக்கலாம். அதற்குக் காதைத் தீட்டவேண்டும் என்றான். இரண்டாம் நாள், எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்ப்பது, தலையாட்டுவது, குறுக்கே போகாமல் கேட்பது எல்லாம் பழக்கினான். மூன்றாம் நாள் தின்ன றோல்சும் கையில் சான்றிதழும் கொடுத்தான்.

லவீனா அதைச் சட்டமாகப் பிடித்துக்கொண்டாள். கடைக்கு நேரத்தோடு போய், மேசையடியில் சொல்லி வைத்துவிட்டு ஓரமாக நிற்பாள். "உமக்கென்ன பிள்ளை?" என்று முதலாளி கேட்கவும், "சீனி ஒரு கிலோ" என்று மேசை சொல்லவும் சரியாக இருக்கும். ஒரு மாதத்துக்குள் ஊரில் முக்கால்வாசிப் பேரோடு நேரத்துக்குக் கதைத்தாள். மிஞ்சியது ஒருவன்தான். அவனை மூன்று கிழமை உற்றுப் பார்த்தாள். அறுந்த வலையை அவன் தொடவே இல்லை. புதுச் சப்பாத்தைத் துடைத்துத் துடைத்து வைத்தான். கைபேசியைக் காதில் வைத்து அன், டு, த்ருவா என்று பிரெஞ்சில் எண்ணி முணுமுணுத்தான். இவன் மனம் எப்போதோ பிரான்சுக்குப் போய்விட்டது என்று அவளுக்கு விளங்கியது. எப்படியும் போகிறவன், ஒரு நல்ல வார்த்தையையாவது நேரத்துக்குக் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள்.

பயண நாள் விடிந்தது. வான் ஆறரைக்கு. றெஜி கிணற்றடியில் நின்றான். குளித்து, உடுத்து, தேத்தண்ணி குடித்து, பையைத் தூக்கிக்கொண்டு ஆறு இருபத்தொன்றுக்குக் கேட்பான் என்று கணக்குப் போட்டாள். சுவரில் ஆறு பத்து. அடுப்படியில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்து சொல்லி முடித்தாள். சொன்னது காற்றில் ஏறிக்கொண்டது. இனி அதை யாரும் இறக்க முடியாது.

ஆறு பதின்மூன்றுக்கு றெஜி உள்ளே வந்தான். குளிக்கவில்லை. அவசரத்தில் சேட்டின் உட்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தான். வான்காரன் பலாலி வீதிக்கு வந்துவிட்டானாம்.

"அப்ப நான் போகட்டோ?"

இன்னும் எட்டு நிமிடம். அவனுடைய பொறுமையோ ஐந்து. லவீனா கதிரையை இழுத்துப் போட்டாள். தேத்தண்ணியைக் கையில் கொடுத்தாள். எதிரில் குந்தி அவன் கண்ணைப் பார்த்தாள். றெஜி இருந்தான். சப்பாத்து இறுக்குகிறது என்றான். அவள் தலையாட்டினாள். போகிற இடத்தில் கடலே இல்லையாம் என்றான். அதற்கும் தலையாட்டினாள். பிறகு அவன் வாய் நிற்கவில்லை.

"குளிருக்குள்ளை கோப்பை கழுவ எனக்கென்ன விசரே? மூண்டு தரம் கேட்டன் உன்னை. ஒருக்கா வேண்டாமெண்டு சொல்லியிருந்தா நிண்டிருப்பன். நீ சொன்னனியாம், ஷெரோன் சொல்லுறாள். ஊரார் சொல்லி நான் நிக்கிறதோ? உன்ரை வாயாலை என்ரை காதிலை விழவேணும். இந்த வீட்டிலை நான் வெளிக்கிட்டாப் பிறகுதானே கதை கேக்குது!"

லவீனா சுவரைப் பார்த்தாள். ஆறு பதினெட்டு. மூன்று கிழமை அவனைப் பார்த்து அவள் படித்தது முழுக்கப் பிழை. சப்பாத்தைத் துடைத்தவன், தடுக்க ஒரு ஆளைத் தேடிக்கொண்டு துடைத்திருக்கிறான். அவசரமாக வாயைத் திறந்து சொன்னாள். அது வர ஆறு இருபத்தொன்பது ஆகும். முந்திச் சொன்னது அதற்கு முதல் வந்துவிடும். எழும்பி ஓடிக் குழாயைத் திறந்தாள். கிரைண்டரில் வெறும் சட்டியை வைத்துச் சுவிச்சைப் போட்டாள். குசினி அதிர்ந்தது. வெளியே வான் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. ஆறு இருபத்தொன்றுக்கு, அந்தச் சத்தம் எல்லாவற்றுக்கும் மேலாக, அடுப்படியிலிருந்து அவளுடைய குரல் சொன்னது:

"போங்கோ. எனக்கு ஒண்டும் இல்லை."

ஆறு வருடத்தில் முதல் தடவையாக றெஜி தன் மனைவியின் பதிலை நேரில் கேட்டான். கோப்பையை மெதுவாக வைத்தான். பையைத் தோளில் போட்டான். லவீனா கிரைண்டரை நிறுத்திவிட்டு, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள், அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் உதறிவிட்டு வாசல்வரை போனான். அங்கே நின்றான். அவளுடைய தலையைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான், கடைசியாக மணிக்கூட்டைப் பார்த்தான்.

"உது எப்ப சொன்னது?"

அவள் பத்து விரலையும் விரித்து, பிறகு ஒன்றைக் காட்டினாள். றெஜியின் உதடு கணக்குப் பார்த்தது.

"அப்ப நான் கிணத்தடியிலை. நான் கேக்கவே இல்லை. உது பழசு." பையை இறக்கினான். "நான் கேட்டதுக்குப் பதில் இனித்தான் வரும்."

கதிரையில் வந்து இருந்தான். ஐந்து நிமிடம் போனது. வான் நாலாம் தரம் ஹோர்ன் அடித்தது. "றெஜி அண்ணை, வாறியளோ இல்லையோ? மற்ற ஆக்கள் நிக்கினம்!" என்று வான்காரன் படலையில் நின்று கத்தினான். குசினிக்குள் ஒரு சத்தமும் இல்லை.

"பொறு தம்பி!" என்று றெஜி திருப்பிக் கத்தினான். "மனிசி கதைச்சுக்கொண்டிருக்கிறா!"

ஆறு இருபத்தேழுக்கு வான் போய்விட்டது. அது வளைவில் திரும்பும் சத்தத்தை இரண்டு பேரும் கேட்டார்கள். ஆறு இருபத்தொன்பதுக்குக் கதிரைக்குப் பக்கத்தில் குரல் வந்தது. றெஜி அதைக் கடைசிச் சொல்வரை கேட்டுவிட்டுத்தான் சப்பாத்தைக் கழற்றினான்.

ஏஜென்சிக்காரன் அவனுடைய இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டான். வலை இன்னும் அறுந்தபடிதான் கிடக்கிறது. அன்றைக்குப் பின்னேரமே, இனி எப்படிச் சீவிக்கிறது என்று இரண்டு பேருக்கும் பெரிய சண்டை வந்தது. அவன் ஒன்று கேட்பான். பதில் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்பான். லவீனா பக்கத்தில் மொத்தம் ஐந்து வசனம். சண்டை முடிய ஐம்பத்தைந்து நிமிடம் ஆனது. றெஜி இடையில் எழும்பவில்லை.