நாற்பது பேரின் துப்பல்

கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜ்களில் தங்கியிருக்கும் தமிழருக்கு ஏன் நித்திரை வருவதில்லை என்று அறிய ஒரு ஆராய்ச்சி வேண்டுமா? வேண்டும் என்றுதான் அருந்ததி இரண்டு வருடமாக அலைந்தாள். நாற்பது பேர் விடிய எழும்பியதும் சின்னக் குழாயில் துப்பித் தருவார்கள். பயத்தில் உடம்பு சுரக்கும் ஹோர்மோன் அந்தத் துப்பலில் எவ்வளவு இருக்கிறது என்று அவள் பல்கலைக்கழகத்தில் அளப்பாள். அவளுடைய பட்டமே அதில்தான் தங்கியிருந்தது.

விதிப்படி குழாயில் பெயர் எழுதக் கூடாது, இலக்கம் மட்டும். பெயர்களை வேறு கொப்பியில் எழுதிப் பூட்டி வைக்க வேண்டும். எந்த விசரன் யுத்தம் நடந்த அந்த நாளையில் வெள்ளவத்தைத் தமிழரின் பெயர்களை வரிசையாக எழுதி வைப்பான்? அருந்ததி நாற்பதையும் மனப்பாடம் செய்துகொண்டாள்.

இரண்டாயிரத்து ஏழு வைகாசியில் ஒரு காலை பொலிஸ் வீடுவீடாகச் சோதித்தது. அவள் அறையில் குளிர்சாதனப் பெட்டி நிறையக் குழாய்கள், மேசையில் இலக்கப் பட்டியல். புலிகள் இயக்கத்தில் இருப்பவர்களுக்கும் இலக்கம் உண்டென்பது பொலிசுக்குத் தெரியாததா? பத்து மணிக்கு அவள் பொலிஸ் நிலைய மர வாங்கில் இருந்தாள்.

"நங்கி, இந்தப் பதினேழு யாரு?" தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் சொல்லி, மிச்சத்தைப் பொலிஸ் சாஜன் தமிழில் கேட்டார். பதினேழுக்கு எதிரே 'மகனை நினைத்து நித்திரையில்லை' என்றிருந்தது.

பதினேழு, மேல்மாடி லொட்ஜில் இருக்கும் சிவக்கொழுந்து அம்மா. இயக்கத்திலிருந்து ஓடிவந்த மகனை அறைக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்தாள். அதை அருந்ததிக்கு மட்டும், துப்பலோடு துப்பலாகச் சொல்லியிருந்தாள்.

"சேர், இது ஆராய்ச்சி. பேராசிரியரின்ர கடிதம் இருக்கு."

"கடிதம் யாரும் அடிக்கலாம். பேர் சொன்னா வீட்ட போ. இல்லாட்டி இங்கதான்."

கதவு திறந்துதான் கிடந்தது. காலி வீதியில் பஸ்கள் போவது தெரிந்தது. எழும்பினால் "இரு" என்றார்கள். மத்தியானமும் போய்விட்டது. ஒரு பெயரைச் சொன்னால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம். அந்த எண்ணம் வந்ததற்காகவே அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

மூன்று மணிக்கு அவள் வாயைத் திறந்தாள்.

"சேர், ஆக்களே இல்லை."

"மொகத்த? என்னது?"

"நாற்பது பேரும் பொய். ஆக்கள் கிடைக்கேல்லை. பட்டம் எடுக்கோணும் எண்டு நானே எழுதினனான். துப்பல் முழுக்க என்ர."

சாஜன் விழுந்து விழுந்து சிரித்தார். மற்றவர்களையும் கூப்பிட்டுச் சொன்னார். "கெம்பஸ் கள்ளி!" கள்ளி என்றால் உடனே நம்பினார்களே, பாவிகள்! வாக்குமூலம் எழுதி ஒப்பம் வைத்தாள். ஒரு பிரதி பல்கலைக்கழகத்துக்குப் போகும் என்றார்கள். இரண்டு வருட உழைப்பைத் தன் கையாலேயே கொன்றுவிட்டு வெளியே வந்தாள்.

அடுத்த நாள் விடிய ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. பொலிஸ்தான் என்று நினைத்துத் திறந்தாள். குழாயும் கையுமாகச் சிவக்கொழுந்து நின்றாள்.

"இந்தா பிள்ளை. நேற்றும் ஒரு கண் நித்திரையில்லை."

அருந்ததி குழாயை வாங்கவில்லை.

"ஏன் பிள்ளை, என்ர துப்பல் பிழையோ?"

"இல்லை அம்மா, சரியாத்தான் இருக்கு."

குழாயை வாங்கினாள். அதில் பதினேழு என்று எழுதி, பொலிஸ் வெறுமையாக்கிவிட்டுப் போன குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தாள்.